வணிகக் கணக்கும் வணிகன் கருத்தும்

வணிகம் என்னும் தொழில் உலகில் தோன்றிய நாள்முதல் வணிகன் உள்ளத்தை விட்டு நீங்காத வினா ஒன்றுண்டு. நாளை நம் கடைக்கு வருவோர் எதனை விரும்புவர், எவ்வளவு விரும்புவர், அதற்கு என்ன விலை தருவர் என்பதே அவ்வினா. மிகுதியாகக் கொள்முதல் செய்தால் சரக்குத் தேங்கிப் பாழாகும்; குறைவாகக் கொண்டால் வந்தவர் வெறுங்கையுடன் திரும்பி அடுத்த கடைக்குச் செல்வர். இவ்விரண்டு இடர்களுக்கும் நடுவே வழி காண்பதே வணிகத் திறமையாகும். அவ்வழியைக் காண்பதற்கு இக்காலப் பெருங்கடைகளும் ஆலைகளும் செய்திகளை எங்ஙனம் திரட்டுகின்றன, திரட்டியவற்றை எங்ஙனம் ஆளுகின்றன, அவற்றால் ஆவது யாது, ஆகாதது யாது என்பனவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

சிற்றூரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். எவர் வீட்டில் திருமணம் வருகின்றது, எத்தெருவில் எவ்வகை அரிசி செல்லும், மாதத்தின் எந்நாளில் மக்கள் கையில் பணம் புழங்கும், எவர் கடன் சொன்னாலும் தவறாது தருவர் என்பனவெல்லாம் அவர் நெஞ்சிலேயே எழுதப்பட்டிருக்கும். சிட்டையும் பேரேடும் அவருக்குத் துணையே. அவர் அறிவு முழுதும் அவ்வேடுகளுள் அடங்கியதன்று. ஆனால் கடை ஒன்று நூறாகி, நூறு ஆயிரமாகிப் பெருகும்போது நேர்வது யாது? முதலாளி தம் வாடிக்கைக்காரர் முகத்தைக் காண்பதில்லை. கல்லாவில் நிற்பவர் கூலிக்கு அமர்ந்தவர்; கொள்முதலை முடிவு செய்பவர் நூறு காதத்துக்கு அப்பால் ஓர் அறையில் இருப்பவர். கடை வளர்ந்தது; கடைக்காரரின் அறிவோ குறைந்தது. இங்ஙனம் பெருமையால் இழந்த அறிவை மீண்டும் பெறுதற்பொருட்டு எழுந்த ஏற்பாட்டையே இக்காலத்தார் தகவல் அமைப்பு என வழங்குகின்றனர். இந்த அடிப்படையை மனத்திற் கொண்டால் மேல்வரும் செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

தகவல் அமைப்பு என்ற அளவிலே அது கணிப்பொறி மட்டுமே எனக் கருதுதல் தவறு. செய்தியைத் திரட்டும் மக்கள், அதனை வகுக்கும் முறை, காக்கும் பொறி, உரிய காலத்தில் உரியவரிடம் சேர்க்கும் ஒழுங்கு ஆகிய நான்கும் கூடியதே அமைப்பு. அமெரிக்க நாட்டு வணிகவியற் பேராசிரியர் பிலிப் கோட்லர் என்பார் இதனை நான்கு கிளைகளாகப் பகுத்துக் காட்டினார். முதலாவது, நிறுவனத்தின் சொந்தக் கணக்கு: விற்பனை, இருப்பு, நிலுவை முதலியன. இரண்டாவது, வெளியுலகச் செய்தி: போட்டியாளர் என்ன செய்கின்றனர், புதிய சட்டம் யாது, விலைவாசி எங்ஙனம் என்பன. மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட ஐயத்தைத் தீர்த்தற்கென்றே மக்களை வினவியும் சோதித்தும் செய்யும் ஆராய்ச்சி. நான்காவது, இவ்வாறு கிடைத்தவற்றையெல்லாம் கணித வழியால் ஆய்ந்து, இன்னது செய்தால் இன்னது விளையக்கூடும் என மதிப்பிடும் துணை. எச்சரக்கை விற்பது, என்ன விலைக்கு விற்பது, எவ்விடத்தில் விற்பது, எவ்வாறு மக்களுக்கு அறிவிப்பது என்னும் நால்வகை முடிவுகளுக்கும் இந்நான்கு கிளைகளும் துணை நிற்கின்றன.

நம் முன்னோர் உண்மையை அறியும் கருவிகளை அளவைகள் என வகுத்தனர். மணிமேகலைக் காப்பியமும் அவற்றை எடுத்துரைக்குமிடத்துக் காட்சி, கருதல் என்பனவற்றைக் கூறுகின்றது. கண்ணால் நேரே காண்பது காட்சி. புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டெனத் துணிவது கருதல். வணிகக் கணக்கு காட்சியைப் போன்றது; நேற்று நடந்ததை அது காட்டும். வணிகன் செய்ய வேண்டுவதோ நாளைய நாளைப் பற்றிய கருதல். காட்சி பிழையானால் கருதலும் பிழையாகும் என்பது உண்மையே. எனினும் காட்சி எத்துணை நுட்பமாயினும் தானே கருதலாகிவிடாது என்பதும் அதனையொத்த உண்மை. இவ்விரண்டினையும் வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஆலை முதலாளிகள் தங்கள் சரக்கு உண்மையில் எவ்வளவு விற்பனையாகிறது என்பதைத் தாமே அறியாதிருந்தனர். ஆலையிலிருந்து வெளிச் சென்ற பெட்டிகளின் எண்ணிக்கை அவர்களுக்குத் தெரியும். அப்பெட்டிகள் மொத்த வியாபாரியின் கிடங்கிலும் சில்லறைக் கடையின் பின்னறையிலும் மாதக் கணக்கில் கிடக்கலாம். அச்செய்தி ஆலைக்கு எட்டுமுன் பருவமே மாறிவிடும். ஆர்தர் நீல்சன் என்பவர் 1923-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் ஒரு நிறுவனம் தொடங்கினார். அவருடைய ஆட்கள் 1933 முதல் தேர்ந்தெடுத்த மருந்துக் கடைகளுக்கும், அதன்பின் மளிகைக் கடைகளுக்கும் குறித்த இடைவெளியில் சென்று, இருப்பை எண்ணிக் கொள்முதற் சீட்டுகளைப் பார்த்துக் கணக்கெடுத்தனர். முறை மிக எளிது. தொடக்க இருப்போடு இடையே வாங்கியதைக் கூட்டி, இறுதி இருப்பைக் கழித்தால் விற்பனையானது எவ்வளவு என்பது புலப்படும்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு கடையில் மாதத் தொடக்கத்தில் 40 கட்டி சவர்க்காரம் இருந்ததாகவும், அம்மாதம் 60 கட்டி வாங்கியதாகவும், மாத முடிவில் 70 கட்டி எஞ்சியதாகவும் கொள்வோம். விற்றது 30 கட்டியே. ஆயினும் ஆலையின் ஏட்டில் அக்கடைக்கு 60 கட்டி சென்றதாகவே இருக்கும். ஏட்டை மட்டும் நம்பும் முதலாளி, தம் சரக்கு நன்கு செல்கின்றதென மகிழ்ந்து இன்னும் மிகுதியாகச் செய்விப்பார். கடையிலோ அதன்மேல் தூசு படிந்திருக்கும். சில மாதம் கழித்துக் கடைக்காரர் வாங்குவதையே நிறுத்தும்போதுதான் உண்மை வெளிப்படும். அதற்குள் ஆலையில் ஆட்குறைப்பு நேரினும் நேரலாம். ஆகவே செய்தி எவ்விடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பது, எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதினும் முதன்மையானது என்பது பெறப்படும்.

ஆளனுப்பி எண்ணும் முறை காலம் மிகக் கொள்வது. தேர்ந்த சில கடைகளுக்கே இயல்வது. இக்குறையை நீக்கியது இன்று சோப்புக் கட்டி முதல் புத்தகம்வரை எல்லாவற்றின்மீதும் நாம் காணும் கறுப்புக் கோடுகளாலாகிய குறி. அதன் கருத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவரான நார்மன் உட்லண்டு, கடற்கரை மணலில் அமர்ந்து தந்திக் குறிகளாகிய புள்ளியையும் கோட்டையும் பற்றி எண்ணிக்கொண்டே தம் விரல்களால் மணலில் கோடிழுத்தபோது அது தமக்குப் புலப்பட்டதாகப் பின்னாளில் கூறினார். அவரும் அவர் நண்பர் பெர்னார்டு சில்வரும் அதற்கு 1952-இல் காப்புரிமை பெற்றனர். ஆனால் அதனைப் படிக்கும் ஒளிக்கருவியும் மலிவான கணிப்பொறியும் வரும்வரை அக்கருத்து உறங்கிக் கிடந்தது. 1974-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் ஒஹையோ மாகாணத்தில் டிராய் என்னும் ஊரிலிருந்த மார்ஷ் அங்காடியில் மெல்லும் பிசின் பொட்டலம் ஒன்று அக்குறியைப் படித்து விற்கப்பட்டது. அங்காடி வணிகத்தில் அதுவே முதல் விற்பனையாம்.

இக்குறியைப் பற்றிப் பலரிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு. அதனுள் விலை எழுதப்பட்டிருப்பதாக அவர்கள் கருதுவர். உண்மையில் அதில் இருப்பது ஓர் எண்ணே. கல்லாவிலுள்ள கருவி அவ்வெண்ணைப் படித்துக் கடையின் கணிப்பொறிக்கு அனுப்ப, அது தன் பட்டியலில் அவ்வெண்ணுக்குரிய பொருளின் பெயரையும் விலையையும் எடுத்துத் தருகின்றது. அந்நொடியிலேயே அப்பொருளின் இருப்பில் ஒன்று கழிக்கப்படும். இன்ன பொருள், இன்ன கடையில், இன்ன மணிக்கு, இன்னின்ன பொருள்களோடு சேர்த்து விற்கப்பட்டது என்பதும் பதிவாகும். நம் நாட்டுச் சரக்குகளில் அவ்வெண் பெரும்பாலும் 890 எனத் தொடங்குவதைக் காணலாம். அது அந்நிறுவனம் இந்தியாவில் பதிவு பெற்றது என்பதைக் குறிக்குமேயன்றிப் பொருள் இங்கேயே செய்யப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. நீல்சனின் ஆட்கள் பல வாரம் உழைத்துச் சில கடைகளில் கண்டதை, இக்குறி எல்லாக் கடைகளிலும் நாள்தோறும் தானே எழுதி வைக்கலாயிற்று.

ஏடு தானே எழுதிக்கொள்ளும். அதனைப் படித்தறிபவர் யார்? இவ்வினாவுக்கு மிகச் சிறந்த விடை கண்டவர்களுள் ஜப்பானியர் முன்னிற்பர். அமெரிக்க நிறுவனம் ஒன்றிடம் உரிமை பெற்று, 1974-ஆம் ஆண்டு மே மாதத்தில் தோக்கியோ நகரின் தொயோசு பகுதியில் செவன் இலெவன் என்னும் பெயருடைய சிறு கடை ஒன்று திறக்கப்பட்டது. இன்று அந்நாட்டில் அப்பெயர் தாங்கிய கடைகள் 20,000-க்கு மேற்பட்டவை. கடைகளோ சிறியன, ஏறத்தாழ மூவாயிரம் வகைச் சரக்குகளுக்கே இடமுண்டு, கிடங்கென்று கூறத்தக்க பின்னறையும் இல்லை. ஆகவே விற்பனையாகாத ஒரு பொருள் தட்டில் இருப்பது, விற்பனையாகக்கூடிய மற்றொன்றின் இடத்தைப் பறிப்பதாகும். 1982-ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனம் தன் கடைகளில் விற்பனையைப் பொருள் பொருளாகப் பதியும் கருவிகளை வைத்தது. கல்லாவில் நிற்பவர், வாங்கியவர் ஆடவரா பெண்டிரா, ஏறத்தாழ என்ன வயதினர் என்பதையும் ஒரு பொத்தானை அழுத்திக் குறித்து வந்தனர்.

அந்நிறுவனத்தை நெடுங்காலம் நடத்திய தொஷிஃபுமி சுசுகி என்பவர் வற்புறுத்திய முறை, ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே ஆளுதல் என்பது. நேற்று எது மிகுதியாக விற்றதோ அதனை இன்றும் மிகுதியாக வாங்குக என்பதன்று அம்முறை. கடையிலுள்ளவரே நாளைய தேவையைப் பற்றி ஒரு கருதுகோள் கொள்ள வேண்டும். அதன்படி சரக்குக் கேட்க வேண்டும். மறுநாள் விற்பனைக் கணக்கைக் கொண்டு அக்கருதுகோள் மெய்யா பொய்யா எனச் சோதிக்க வேண்டும். இதனை விளக்குதற்கு அந்நிறுவனத்தார் கூறும் எடுத்துக்காட்டு ஒன்று இனிமையானது. மீன் பிடிக்கும் இடத்திற்குச் செல்லும் சாலையில் ஒரு கடை இருக்கின்றது. விடுமுறை நாள் வருகின்றது. வானிலை வெம்மையாயிருக்கும் எனச் செய்தி வந்துள்ளது. தூண்டில் போடச் செல்வோர் காலையிலேயே நண்பகல் உணவை வாங்கிச் செல்வர். வெம்மையில் எளிதிற் கெடாத உணவையே விரும்புவர். ஊறவைத்த புளிப்புப் பழம் உள்ளே வைத்த சோற்றுருண்டை அத்தகையது. ஆதலின் அதனை மிகுதியாக வரவழைப்போம் என்று கடைக்காரர் கருதுகின்றார். இக்கருத்தைக் கணிப்பொறி தரவில்லை. சாலையையும் வானத்தையும் மனிதர் இயல்பையும் அறிந்த ஒருவர் உள்ளத்தில் அது தோன்றியது. கணிப்பொறி செய்தது, அவருக்கு வானிலையைத் தெரிவித்ததும், மறுநாள் அவர் கருத்தைச் சோதித்துக் காட்டியதுமே.

விற்பனைக் கணக்கை மட்டும் நம்புவோர் விழும் குழி ஒன்றையும் இம்முறை விலக்குகின்றது. ஒரு கடையில் 20 தயிர்ப் பொட்டலங்கள் வைக்கப்பட்டன என்றும், அவை காலை 10 மணிக்குள் தீர்ந்தன என்றும் வைத்துக்கொள்வோம். அதன்பின் தயிர் கேட்டு வந்த 15 பேர் இல்லையென்று அறிந்து திரும்பினர். மாலையில் கணக்கு என்ன சொல்லும்? 20 பொட்டலம் விற்றன என்றே சொல்லும். அதனைக் கண்டு மறுநாளும் 20 வாங்கினால் மறுநாட் கணக்கும் 20 என்றே கூறும். மெய்யான தேவை 35 என்பதை எவ்வேடும் ஒருநாளும் கூறாது. விற்றதற்குக் கணக்கு உண்டு. விற்காமற் போனதற்குக் கணக்கு இல்லை. ஆனால் பொழுது குறிக்கப்பட்டிருந்தால், 10 மணிக்குப்பின் தயிர் ஒன்றும் விற்கவில்லை என்னும் அவ்வெறுமையே அறிவுடையோனுக்கு ஒரு செய்தியாகும். ஏட்டின் எழுத்தைப் படிப்பதோடு அதன் வெற்றிடத்தையும் படிக்கக் கற்றலே இத்துறையில் உயர்ந்த கல்வி எனலாம்.

இனி, பொருளைப் பற்றிய கணக்கினின்றும் ஆளைப் பற்றிய கணக்கிற்குச் செல்வோம். குறி படிக்கும் கருவி இன்ன பொருள் விற்றது எனக் கூறும். வாங்கியவர் சென்ற வாரம் வந்தவர்தாமா என்பதைக் கூறாது. இக்குறையை நிறைவு செய்ய இங்கிலாந்து நாட்டு டெஸ்கோ நிறுவனம் 1995-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் கிளப்கார்டு என்னும் வாடிக்கை அட்டையை நாடெங்கும் வழங்கிற்று. வாங்கும்போதெல்லாம் அட்டையைக் காட்டினால் செலவிற்கேற்பப் புள்ளிகள் சேரும். புள்ளிகளுக்கு ஈடாகத் தள்ளுபடிச் சீட்டுகள் வீட்டிற்கு வரும். மக்கள் அதனைத் தள்ளுபடி அட்டையாகக் கருதினர். நிறுவனத்துக்கோ அது வாடிக்கைக்காரரின் முகத்தை மீண்டும் காட்டும் கண்ணாடியாயிற்று. எட்வினா டன், கிளைவ் ஹம்பி என்னும் இருவர் நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்தார் முதற் சோதனையில் கண்டவற்றை எடுத்துரைத்தபோது, டெஸ்கோவின் தலைவர், தாம் முப்பது ஆண்டுகளில் அறியாதவற்றை அவர்கள் மூன்றே மாதத்தில் அறிந்துவிட்டனரே என வியந்தும் அஞ்சியும் கூறினார் என்பர்.

அவ்வாராய்ச்சியின் இயல்பு யாதெனில், ஒருவர் கூடையிலுள்ள பொருள்களைக் கொண்டு அவர் வாழ்வை ஊகித்தலாம். குழந்தை உணவு வாங்குவோர், சமைக்க நேரமின்றி ஆயத்த உணவு வாங்குவோர், எப்பொருளிலும் மலிவானதையே தேடுவோர், காய்கறியே பெரிதும் கொள்வோர் என அவர்களை வகுத்தனர். அனைவர்க்கும் ஒரே விளம்பரத்தை அனுப்பாது, அவரவர்க்கு உதவக்கூடிய சீட்டுகளையே அனுப்பினர். இறைச்சி உண்ணாதவர் வீட்டிற்கு இறைச்சித் தள்ளுபடிச் சீட்டை அனுப்புதல் வீண் செலவன்றோ! அட்டை வெளிவந்த அவ்வாண்டிலேயே டெஸ்கோ தன் பழம் போட்டியாளரை விஞ்சி அந்நாட்டின் முதல் மளிகை நிறுவனமாயிற்று. அவ்வெற்றிக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் அட்டையின் பங்கு சிறியதன்று.

இத்துணை நுண்ணறிவு வாய்ந்த நிறுவனம் கடல் கடந்து சென்றபோது நேர்ந்தது யாது? 2007-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஃபிரஷ் அண்டு ஈசி என்னும் பெயரில் டெஸ்கோ சிறு கடைகளைத் திறக்கத் தொடங்கிற்று. அதற்கு முன்னர் அதன் ஆராய்ச்சியாளர் அமெரிக்கக் குடும்பங்களோடு தங்கி, அவர்கள் அடுக்களையையும் உணவுப் பெட்டியையும் நோக்கிக் குறிப்பெடுத்தனர். ஒரு கிடங்கினுள் மறைவாக மாதிரிக் கடை ஒன்றையே கட்டி மக்களை அழைத்து வந்து கருத்துக் கேட்டனர். இத்துணை முயன்றும் ஆறாண்டுக்குள் அம்முயற்சி முறிந்தது. 2013-இல் டெஸ்கோ அந்நாட்டை விட்டு வெளியேறியது. நூறு கோடிப் பவுனுக்கு மேற்பட்ட பொருள் அதில் அழிந்தது.

காரணங்களாகப் பின்னர் ஆராய்ந்தோர் பலவற்றைக் கூறுவர். பழமும் காயும் உறையிட்டு வைக்கப்பட்டன; கையால் தொட்டுப் பொறுக்கி வாங்கும் வழக்கமுடையார்க்கு அது பிடிக்கவில்லை. கல்லாவில் ஆளில்லை, வாங்குவோரே கருவியில் கணக்கிட்டுப் பணம் செலுத்த வேண்டியிருந்தது. அந்நாட்டு மக்கள் பெரிதும் விரும்பும் தள்ளுபடிச் சீட்டுகள் தொடக்கத்தில் இல்லை. எல்லாவற்றினும் வியப்பானது, தாய்நாட்டில் தன் கண்ணாக விளங்கிய வாடிக்கை அட்டையை அந்நிறுவனம் அங்கே 2011 வரை கொண்டுவராததே. இவற்றோடு 2008-இல் எழுந்த பொருளாதார வீழ்ச்சி, வீட்டுக் கடன்களால் மிகுதியும் தாக்குண்ட அம்மேற்கு மாகாணங்களிலேயே கடைகள் அமைந்திருந்தமையால், பெருங்கேடு விளைத்தது. ஆராய்ச்சி செய்யவில்லை என்று எவரும் கூற இயலாது. மக்கள் என்ன உண்கின்றனர் என வினவியவர்கள், அவர்கள் எவ்வாறு வாங்குவதை வாங்குதலாகக் கருதுகின்றனர் என்பதைப் போதிய அளவு வினவவில்லை என்றே நாம் கருதுகிறோம். வினா எவ்வளவோ அவ்வளவே விடை. கேளாத வினாவுக்குக் கணிப்பொறி விடை கூறாது.

இதுவரை கூறியவற்றால், தகவல் அமைப்பை ஆள்வோர் ஒவ்வொரு முடிவுக்கு முன்னும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டுவன சில உள எனப் புலப்படும். இச்செய்தி எவ்விடத்தில் எடுக்கப்பட்டது, ஆலை வாயிலிலா, கடைத் தட்டிலா, வாங்குவோர் கையிலா என்பது ஒன்று. இதில் பதியப்படாமற் போனது யாது என்பது மற்றொன்று. இதனால் எந்த முடிவு மாறக்கூடும் என்பது மூன்றாவது. எம்முடிவையும் மாற்றாத செய்தியைச் சேர்ப்பது பயனற்ற செலவாம். நம் கருத்துப் பொய்யாயின் அதனை எந்நாளில், எவ்வடையாளத்தால் அறிவோம் என்பது நான்காவது. இந்நான்கும் கேட்பவர்க்குச் சிறு குறிப்பேடும் பெருந்துணையாகும். கேளாதவர்க்கு ஆயிரம் கணிப்பொறிகளும் அலங்காரமே.

ஐந்தாவதாக ஒரு வினா உண்டு; அது அறத்தைப் பற்றியது. இக்கணக்கு எவர்க்கு ஊழியம் செய்கின்றது? மேலே நாம் பாராட்டிய ஜப்பானிய நிறுவனத்தின் கடைகளிற் பெரும்பாலானவை உரிமை பெற்ற தனி வணிகரால் நடத்தப்படுவன. விற்காது எஞ்சிக் கழிக்கப்படும் உணவின் செலவு பெரிதும் அவர்கள் தலைமேலேயே விழுந்தது. கெடும் வேளை நெருங்கிய உணவை விலை குறைத்து விற்க முனைந்த கடைக்காரர்களை நிறுவனம் தடுத்ததென்று கண்டு, 2009-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நாட்டு நேர்மை வணிக ஆணையம் அத்தடையை நீக்குமாறு கட்டளையிட்டது. உண்ணத்தக்க சோறு குப்பைக்குச் செல்வதையும், சிறு வணிகர் அதற்குப் பொறுப்பேற்பதையும் எக்கணிப்பொறியும் தவறென்று கூறவில்லை. கூறுமாறு அதற்கு எவரும் கற்பிக்கவில்லை. தட்டு ஒருநாளும் வெறுமையாயிருத்தலாகாது என்று மட்டும் கருதும் அமைப்பு, அத்தட்டை நிரப்புவோன் மடி வெறுமையாவதைக் காணாது.

வாங்குவோர் திறத்திலும் இவ்வாறே. கூடையைக் கொண்டு வாழ்வை ஊகிக்கும் ஆற்றல் ஒருவரின் நோயையும் வறுமையையும் வீட்டுத் துயரையும் ஊகிக்கும் ஆற்றலுமாகும். சிற்றூர்க் கடைக்காரரும் இவற்றை அறிந்திருந்தார். ஆயினும் அவர் நம் முகத்தை அறிந்தது போல் நாமும் அவர் முகத்தை அறிந்திருந்தோம். அவர் புறங்கூறினால் அடுத்த நாளே கேட்கலாம். இன்று நம்மை அறிந்தவர் யாரென்றே நாம் அறியோம். இதனாலன்றோ சட்டம் இடை புகுந்தது. ஒருவர் தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளுதல் அடிப்படை உரிமையே என 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் நம் நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் தனியாள் தகவல் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இன்ன பயனுக்கென்று தெரிவித்து இசைவு பெறுதல் வேண்டும், அவ்விசைவைத் தந்தவர் மீட்டுக்கொள்ளவும் கூடும் என்பன அதன் சாரமான கொள்கைகளுட் சில.

நிறைகோலில் வஞ்சம் செய்தலை வேத நூல் கடிந்தது. பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே வாணிகர்க்கு வாணிகம் என்பது வள்ளுவர் கொள்கை. அக்காலத்தில் பிறர் பொருள் என்பது நெல்லும் பொன்னும். இக்காலத்தில் பிறரைப் பற்றிய செய்தியும் பிறர் பொருளே. அதனை ஒப்படைத்தவர் நம்பி ஒப்படைத்தனர். அந்நம்பிக்கையும் ஒரு கைம்முதல். ஒருகால் அழிந்தால் எத்தள்ளுபடிச் சீட்டாலும் மீளப் பெறுதற்கரியது.

நம் கல்லூரியிலிருந்து வெளிச் செல்லும் மாணவருட் பலர் கடைகளிலும் ஆலைகளிலும் வங்கிகளிலும் இத்தகைய அமைப்புகளின் முன் அமரப் போகின்றவர்கள். திரையில் தோன்றும் எண்களைத் தெய்வ வாக்காகக் கொள்வதும் தவறு. என் அனுபவமே போதும் என அவற்றைப் புறக்கணிப்பதும் தவறு. எண் நமக்கு நேற்றைக் காட்டும் விளக்கு; நாளைக்கு நடக்க வேண்டியவை நம் கால்களே. ஒரு கருத்தைத் துணிந்து கொள்ளுதல், அதனைக் கணக்கின் முன் நிறுத்தித் தயங்காது சோதித்தல், பொய்யெனின் நாணாது கைவிடுதல், மெய்யெனினும் அதனால் எவர்க்கும் தீங்கு நேராமற் காத்தல் ஆகிய இவற்றைப் பயின்றவர் கையில் தகவல் அமைப்பு நற்கருவியாகும். சிற்றூர்க் கடைக்காரர் தம் வாடிக்கைக்காரரை அறிந்தது அவர்க்கு உதவுதற்பொருட்டே. அவ்வறிவை நமக்குப் பொறிகள் மீட்டுத் தந்துள்ளன. அவ்வறிவோடு இயைந்திருந்த அன்பையும் பொறுப்பையும் மீட்டல் நம் கடனாம்.